போஷின் ஏதேன் தோட்டத்தில் எலியைக் கவ்விய பூனை: பாவத்துக்கு முன்பே மரணம் இருந்ததா?

கேள்வி – ஓவிய வாசகர்

அனைவருக்கும் வணக்கம். மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கும் நெதர்லாந்து ஓவியர் ஹியரோனிமஸ் போஷின் ‘மண்ணுலக இன்பங்களின் தோட்டம்’ என்னும் மூன்று பலகை எண்ணெய் ஓவியத்தில், இடப்பக்கப் பலகையைப் பற்றி எனக்கு ஓர் ஐயம் இருக்கிறது. கூட்டம் கூட்டமாக மனிதர்கள் திரியும் நடுப்பலகையும் நரகத்தைக் காட்டும் வலப்பலகையும் பலராலும் விரிவாகப் பேசப்பட்டவை என்பதால், ஏதேன் தோட்டத்தைக் காட்டும் பலகையோடு மட்டும் என் கேள்வியை நிறுத்திக்கொள்கிறேன்.

பலகையின் முன்பகுதியில், இளமையான கிறிஸ்துவின் முகத்தோடு நிற்கும் ஆண்டவர், ஏவாளின் மணிக்கட்டைப் பற்றி அவளை ஆதாமிடம் ஒப்படைக்கிறார். ஆதாம் விழித்தெழுந்து, கால்களை நீட்டி அமர்ந்தபடி அவளையே பார்க்கிறான். ஆதியாகமம் இரண்டாம் அதிகாரம் சொல்லும், “அவளை மனுஷனிடத்தில் கொண்டுவந்தார்” என்ற அந்தக் கணம் இது என்பதில் ஐயமில்லை. கனி இன்னும் பறிக்கப்படவில்லை, யாரும் துரத்தப்படவுமில்லை. ஆனால் அவர்களுக்குச் சற்றுக் கீழே, இருண்ட குட்டையின் ஓரமாக, ஒரு பூனை எலி போன்ற சிறு பிராணியைக் கவ்விக்கொண்டு நடக்கிறது. குட்டையில் ஒரு பறவை தவளையை விழுங்குகிறது. பின்னால், வலப்பக்கத்துப் புல்வெளியில், ஒரு சிங்கம் தான் வீழ்த்திய மானைத் தின்றுகொண்டிருக்கிறது.

ஆதியாகமம் முதல் அதிகாரத்தின் முப்பதாம் வசனத்தில் எல்லா மிருகங்களுக்கும் பறவைகளுக்கும் “பசுமையான சகல பூண்டுகளையும் ஆகாரமாகக் கொடுத்தேன்” என்று கடவுளே சொல்கிறார். “ஒரே மனுஷனாலே பாவமும் பாவத்தினாலே மரணமும் உலகத்திலே பிரவேசித்தது” என்று பவுல் ரோமருக்கு எழுதுகிறார். அப்படியிருக்க, பாவம் செய்யப்படுவதற்கு முன்பே இந்த மரணங்கள் எங்கிருந்து வந்தன? ஆதாமும் ஏவாளும் கனியைத் தின்று பாவத்தில் விழப்போகும் வீழ்ச்சிக்கான முன்னறிவிப்பாக ஓவியர் இவற்றை வைத்தாரா, அல்லது அக்காலத்துக் கிறித்தவச் சிந்தனையில் இதற்கு வேறு ஆதாரம் உண்டா? அருங்காட்சியகம் இணையத்தில் வைத்திருக்கும் பெரிய படத்தை உருப்பெருக்கிப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியே என்னை நிறுத்திவிடுகிறது.

பதில் – பழம்பலகை

வணக்கம். இந்தப் பலகையைத் தனியாகப் பார்க்காமல், போஷ் வரைந்த மற்ற ஏதேன் தோட்டங்களோடு சேர்த்துப் பார்த்தால், உங்கள் கேள்வி இன்னும் கூர்மையாகும் என்று நினைக்கிறேன். பிராடோவிலேயே இருக்கும் ‘வைக்கோல் வண்டி’ ஓவியத்தின் இடப்பலகையில், மேலே கலகம் செய்த தூதர்கள் வானிலிருந்து விழுகிறார்கள். அதன்கீழே ஏவாள் படைக்கப்படுகிறாள், அடுத்துப் பாம்பு கனியைக் கொடுக்கிறது, கடைசியாக வாளேந்திய தூதர் இருவரையும் வெளியேற்றுகிறார். வியன்னாவின் நுண்கலைக் கழகத்தில் உள்ள ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியத்தின் இடப்பலகையும் இதே கதையை முழுவதுமாகச் சொல்கிறது. ஜெர்மானிய ஓவியர் லூக்காஸ் கிரனாக் 1530-இல் வரைந்து இப்போது வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘சொர்க்கம்’ ஓவியத்திலும், ஒரே தோட்டத்துக்குள் படைப்பு முதல் வெளியேற்றம் வரை அத்தனை காட்சிகளும் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. அதுவே அக்காலத்து வழக்கம்.

நாம் பேசும் பலகையில் போஷ் அந்த வழக்கத்தை விட்டுவிடுகிறார். இங்கே வீழ்ச்சியும் இல்லை, வெளியேற்றமும் இல்லை. கதை ஒரே கணத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறது. இரண்டு ஓவியங்களில் முழுக்கதையைச் சொன்ன ஒருவர் மூன்றாவதில் பாதியில் நிறுத்துகிறார் என்றால், சொல்லாமல் விட்டதை வேறு வழியில் தோட்டத்துக்குள்ளேயே விதைத்திருக்கிறார் என்று கொள்வது நியாயமானது. நீங்கள் குறிப்பிட்ட பூனையும் சிங்கமும் அந்த வகையைச் சேர்ந்தவை என்பது என் கருத்து.

இதற்குத் துணையாக இன்னும் சிலவற்றைக் காட்டலாம். பலகையின் நடுவில் குளத்தின்மேல் எழும் இளஞ்சிவப்பு நீரூற்றைப் பாருங்கள். ஏதேனிலிருந்து புறப்பட்டு நான்காகப் பிரியும் ஆற்றின் தோற்றுவாய் அதுவாகத்தான் இருக்க வேண்டும்; ஆனால் அதன் அடியில் உள்ள வட்டத் துளைக்குள்ளிருந்து ஓர் ஆந்தை வெளியே பார்க்கிறது. போஷின் ஓவியங்களில் ஆந்தை அடிக்கடி வரும். அக்காலத்துப் பறவை பிடிப்போர் ஆந்தையைக் கட்டி வைத்து, அதைத் தாக்க வரும் சிறு பறவைகளைக் கண்ணியில் சிக்க வைத்தார்கள். ஆகவே பகலை வெறுக்கும் பறவை என்ற பொருளோடு, ஏமாற்றி இழுக்கும் பொறி என்ற பொருளும் அதற்கு இருந்தது. ஏறத்தாழப் பலகையின் மையத்திலேயே அது அமர்ந்திருக்கிறது. வலப்பக்கத்தில், மனித முகத்தின் பக்கத் தோற்றம் போலத் தெரியும் பாறைக்கு மேலே நிற்கும் மரத்தில், பாம்பு ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கிறது. முன்பக்கக் குட்டையிலோ மூன்று தலைப் பிராணியும், முக்காடு போட்டுப் புத்தகம் வாசிக்கும் மீன் போன்ற ஓர் உயிரும் காணப்படுகின்றன. நரகப் பலகையில் நாம் சந்திக்கப்போகும் கலப்பு உருவங்களின் உறவினர்களாகவே அவை எனக்குத் தோன்றுகின்றன.

ஓவியத்தின் பக்கப் பலகைகளைக் கதவுகளைப் போல மூடும்போது தெரியும் வெளிப்பக்கத்தையும் மறக்க வேண்டாம். அங்கே சாம்பல் நிறச் சாயைகளில் மட்டும், கண்ணாடிக் கோளத்துக்குள் அடைபட்டதைப் போல, படைப்பின் மூன்றாம் நாள் உலகம் வரையப்பட்டிருக்கிறது. நான்காம் நாளில் வரவேண்டிய சூரியன் இன்னும் இல்லை. அதனால் நிறமும் இல்லை. இடது மூலையில் மிகச் சிறியவராகக் கடவுள் அமர்ந்திருக்க, “அவர் சொல்ல ஆகும், அவர் கட்டளையிட நிற்கும்” என்ற சங்கீத வசனம் இலத்தீனில் எழுதப்பட்டிருக்கிறது. கதவுகள் திறந்தவுடன் அந்தச் சாம்பல் உலகத்திலிருந்து நேராகப் பசுமைக்குள்ளும் இளஞ்சிவப்புக்குள்ளும் நுழைகிறோம். நுழைந்த வேகத்திலேயே பூனையின் வாயில் எலியைக் காண்கிறோம். இடமிருந்து வலமாகப் படித்தால் ஏதேன், பிறகு கட்டுப்பாடற்ற இன்பம், அதன்பின் நரகம். அந்தப் போக்கின் தொடக்கமே இந்தச் சிறு கொலைகள் என்று நான் கருதுகிறேன்.

பதில் – மறைநூல் மாணவர்

இருவருக்கும் வணக்கம். மேலே சொல்லப்பட்ட விவரங்கள் அனைத்தும் சரியானவை. ஆனால் அவற்றிலிருந்து எடுக்கப்பட்ட முடிவோடு, பூனை, சிங்கம் ஆகியவற்றைப் பொறுத்தமட்டில், நான் உடன்படவில்லை. ‘பாவத்துக்கு முன் எந்த உயிரும் இன்னோர் உயிரைத் தின்னவில்லை’ என்பதே இடைக்காலக் கிறித்தவத்தின் ஒரே நம்பிக்கையாக இருந்தது போல நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அக்காலத்தின் மிகப் பெரிய இறையியலாளர் அதற்கு நேர்மாறாக எழுதியிருக்கிறார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் எழுதிய ‘இறையியல் தொகுப்பு’ நூலின் முதற்பகுதியில், தொண்ணூற்றாறாம் வினா, பாவமற்ற நிலையில் ஆதாமுக்கு விலங்குகள்மீது ஆட்சி இருந்ததா என்பதை ஆராய்கிறது. இன்று கொடியவையாக இருந்து பிற உயிர்களைக் கொல்லும் விலங்குகள் அப்போது மனிதரிடம் மட்டுமல்லாமல் மற்ற விலங்குகளிடமும் சாதுவாக இருந்திருக்கும் என்று சிலர் கருதுவதை அவர் எடுத்துச் சொல்லி, அது முற்றிலும் அறிவுக்குப் பொருந்தாதது என்று மறுக்கிறார். மனிதனுடைய பாவத்தால் விலங்குகளின் இயல்பு மாறிவிடவில்லை என்பது அவருடைய வாதம். சிங்கத்துக்கும் வல்லூறுக்கும் இப்போது இறைச்சி உண்பது இயல்பாக இருக்கிறதென்றால், அவை அப்போது மட்டும் புல்லைத் தின்று வாழ்ந்திருக்க முடியாது. சில விலங்குகளுக்கிடையே இயற்கையான பகை அன்றும் இருந்திருக்கும்; அதனால் அவை மனிதனின் ஆட்சிக்கு அப்பாற்பட்டவை ஆகிவிடவில்லை; இன்று அவை ஒன்றையொன்று கொல்வதால் கடவுளின் ஆட்சிக்கு அப்பாற்பட்டவை ஆகிவிடாதது போலத்தான் அதுவும் என்கிறார்.

கேள்வி கேட்டவர் மேற்கோள் காட்டிய அதே முப்பதாம் வசனத்தையும் அக்குவினாஸ் அங்கேயே எடுத்துப் பேசுகிறார் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்த வசனத்துக்கு ஆங்கிலேயத் துறவி பீட் எழுதிய உரை, மரங்களும் பூண்டுகளும் எல்லா விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் உணவாகக் கொடுக்கப்பட்டன என்று சொல்லவில்லை, சிலவற்றுக்கு என்றே சொல்கிறது என்று அவர் சுட்டுகிறார். அக்குவினாஸுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னர் திருச்சபைத் தந்தையான அகுஸ்தீனார், ஆதியாகமத்துக்கு எழுதிய விரிவுரையில், எந்தக் குற்றமும் செய்யாத விலங்குகள் ஏன் ஒன்றையொன்று தின்கின்றன என்ற கேள்வியை எழுப்பி, ஓர் உயிர் மற்றோர் உயிருக்கு உணவாவது படைப்பின் ஒழுங்குக்கு உட்பட்டதே என்ற வகையில் விடை தருகிறார். பவுலின் வசனமும் “மரணம் எல்லாருக்கும் வந்தது” என்று சொல்லும்போது “எல்லா மனுஷரும்” என்றே அதற்கு முன் சொல்கிறது. எலியைப் பற்றி அது பேசவில்லை.

மாற்றுக் கருத்தும் வலுவானதே என்பதை மறுக்க மாட்டேன். “சிங்கம் மாட்டைப்போல் வைக்கோல் தின்னும்” என்ற ஏசாயாவின் வார்த்தை, வரப்போகும் அமைதியைப் பற்றியது. ஆனால் பலர் அதைத் தொடக்கத்தில் இருந்த அமைதிக்கும் பொருத்திக்கொண்டார்கள். ஆகவே போஷின் காலத்தில் இரண்டு ஏதேன்கள் மனிதர்களின் எண்ணத்தில் இருந்தன என்று சொல்லலாம். ஒன்றில் எல்லாம் சாது. மற்றொன்றில் இயற்கை இயற்கையாகவே இருக்கிறது, மனிதன் மட்டும் அதில் துன்பமின்றி இருக்கிறான்.

பலகையில் ஆதாமும் ஏவாளும் அந்தச் சிங்கத்தைக் கண்டு அஞ்சவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர்களுக்கு அருகே எந்த விலங்கும் பாய்ந்து நிற்கவில்லை. யானை தன் முதுகில் ஒரு குரங்கைச் சுமந்தபடி நிற்கிறது, ஒற்றைக்கொம்புக் குதிரை குனிந்து நீர் அருந்துகிறது, அவற்றுக்கிடையே எங்கோ ஒரு மான் சாகிறது. ஆண்டவரின் முகத்தில் கலக்கமில்லை. பார்வையாளரை நேராகப் பார்த்து, வலக்கையால் ஆசி வழங்குகிறார். கொலை நடக்கும் தோட்டத்தில் நின்றுகொண்டு படைத்தவரே இவ்வளவு அமைதியாக ஆசி வழங்குகிறார் என்றால், அந்தக் கொலையைத் தீமையின் அடையாளமாக எப்படிக் கொள்வது?

பதில் – ஓவிய வாசகர்

மிக்க நன்றி. அக்குவினாஸின் வாதத்தை நான் இதுவரை அறிந்திருக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்க விரும்புகிறேன்: இத்தகைய நுட்பமான வேறுபாடுகளை இந்த ஓவியத்தின் பார்வையாளர்கள் அறிந்திருப்பார்களா? இது ஆலயத்தின் பீடத்துக்காக, எளிய மக்கள் முழந்தாளிட்டு வணங்குவதற்காக வரையப்பட்டதென்றால், அவர்கள் பூனையைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள்?

பதில் – வழிச்செலவு

இந்த இடத்தில் ஓவியத்தின் வரலாறு உதவும். மூன்று பலகைகள் கொண்டு மடிக்கும் வடிவம் பீட ஓவியத்துக்கு உரியதுதான். ஆனால் இந்த ஓவியம் ஆலயத்தில் இருந்ததற்கான சான்று கிடையாது. நமக்குக் கிடைக்கும் முதல் எழுத்துப் பதிவு 1517-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தைச் சேர்ந்தது. கர்தினால் லூயி தெ அரகோனாவின் செயலாளராகப் பயணம் செய்த அந்தோனியோ தெ பெயாட்டிஸ், பிரஸ்ஸல்ஸில் நாசாவ் பிரபுக்களின் மாளிகையில் கண்ட விந்தையான ஓவியங்களைக் குறித்து எழுதும்போது, இதை விவரிப்பதாகக் கொள்ளத்தக்க ஒரு பகுதியைத் தருகிறார். போஷ் இறந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதே மாளிகையில் விருந்தினர் குடித்துத் தள்ளாடினால் கிடத்துவதற்கென்று மிகப் பெரிய கட்டில் ஒன்றும் இருந்தது. 1520-இல் அங்கே சென்ற ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரும் அந்தக் கட்டிலைத் தம் நாட்குறிப்பில் குறித்திருக்கிறார்.

ஆகவே இதன் முதல் பார்வையாளர்கள் அரசவையைச் சேர்ந்தவர்கள், பயணிகள், தூதுவர்கள், திருச்சபையின் உயர்நிலையாளர்கள். நாசாவ் பிரபு இரண்டாம் எங்கல்பர்ட் அல்லது அவருடைய தம்பி மகனும் வாரிசுமான மூன்றாம் ஹென்றிக் இதை வரையச் சொல்லியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பிராடோ இதை 1490–1500 காலத்தது என்று கணிப்பதால் எங்கல்பர்ட்டின் பெயர் இப்போது அதிகமாகச் சொல்லப்படுகிறது. வேட்டையைத் தம் வாழ்வின் ஒரு பகுதியாகவே கொண்டிருந்த இந்தப் பிரபுக்களுக்குச் சிங்கம் மானைத் தின்பது அதிர்ச்சியாக இருந்திருக்காது. அவர்களை நிறுத்தியிருக்கக்கூடியது வேறு: யானையும் ஒட்டகச்சிவிங்கியும். பதினைந்தாம் நூற்றாண்டில் எகிப்துக்குச் சென்ற இத்தாலியப் பயணி அன்கோனாவின் சிரியாகஸ் கொண்டுவந்த சித்திரங்களின் வழியே அவை போஷை அடைந்தன என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. ஆதாமுக்குப் பின்னால் நிற்கும் விசித்திரமான மரம், கானரித் தீவுகளில் வளர்வதும் கீறினால் செந்நிறப் பிசின் வடிப்பதுமான டிராகன் மரம். ஜெர்மானியக் கலைஞர் மார்ட்டின் ஷோன்கவரின் ‘எகிப்துக்குத் தப்பியோடுதல்’ செதுக்கோவியத்தில் அது முன்பே வந்துவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் காலத்தில் ஏதேன் என்பது வெறும் உவமை அல்ல. பூமியில் எங்கோ இன்னமும் இருக்கும் ஓர் இடமாகப் பலர் நம்பினார்கள். கொலம்பஸ் 1498-இல் தம் மூன்றாம் பயணத்தின்போது தென் அமெரிக்கக் கரையில் பெருவெள்ளமாகக் கடலில் கலக்கும் நன்னீரைக் கண்டு, மண்ணுலகச் சொர்க்கத்துக்கு அருகே வந்துவிட்டதாக எழுதினார். உண்மையாகவே எங்கோ இருக்கும் ஒரு நிலத்தை வரைகிறோம் என்ற எண்ணம் இருந்தால், அதில் பயணிகள் சொன்ன விலங்குகளும் இருக்கும், அவற்றின் இயல்பான பசியும் இருக்கும். ஆகவே பூனையைப் பொறுத்தவரை நான் மறைநூல் மாணவர் பக்கம்தான் நிற்கிறேன்.

ஒப்பிடுவதற்கு, ஹேக் நகரின் மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும், ரூபன்ஸும் மூத்த யான் புரூகலும் ஏறத்தாழ 1615-இல் சேர்ந்து வரைந்த ஏதேனைப் பாருங்கள். ஆதாம், ஏவாள், குதிரை, பாம்பு ஆகியவை ரூபன்ஸின் கை. ஏனைய விலங்குகளும் செடிகொடிகளும் புரூகலின் கை. பிரஸ்ஸல்ஸ் அரசவையின் விலங்குக் கூடத்தில் நேரில் பார்த்துப் பயின்றவர் அவர். மயிரிழை வரை உண்மையாக வரையப்பட்ட புலியும் சிறுத்தையும் அங்கே விளையாடிக்கொண்டிருக்கின்றன, இரத்தமே இல்லை. அந்த ஓவியத்திலோ ஏவாளின் கையிலிருந்து ஆதாம் கனியை வாங்கும் தருணமே வரையப்பட்டிருக்கிறது. வீழ்ச்சியைக் காட்டும் ஓவியத்தில் விலங்குகள் அமைதியாக இருக்கின்றன, வீழ்ச்சியைக் காட்டாத போஷின் பலகையில் அவை கொல்கின்றன. இந்த முரணை நான் இதுவரை யாரும் விரிவாக எடுத்துப் பேசிப் பார்த்ததில்லை. பேசத் தகுந்தது என்றே எண்ணுகிறேன்.

பிற்கால வரலாற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்துக் கிளர்ச்சியின்போது 1568-இல் ஸ்பானியத் தளபதி ஆல்பா பிரபு இதைப் பறிமுதல் செய்தார். பின்னர் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் இதைப் பெற்று 1593-இல் எஸ்கோரியல் மடத்துக்கு அனுப்பினார். பிராடோவுக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். எஸ்கோரியலின் துறவி ஹோசே தெ சிகுவென்சா 1605-இல் எழுதியபோது, மற்றவர்கள் மனிதனை வெளியே தெரிகிறபடி வரைகிறார்கள், இவர் ஒருவர்தான் உள்ளே இருக்கிறபடி வரையத் துணிந்தார் என்று போஷுக்காக வாதாடினார். அப்போதே போஷ்மீது சமயப் பிறழ்வு பற்றிய ஐயம் எழுந்திருந்தது என்பது அதிலிருந்து தெரிகிறது. ஆனால் போஷ் தம் ஊரான ஹெர்டோகன்போஷில் அன்னை மரியாளின் சகோதரர் சபையில் முப்பது ஆண்டுகளாக மதிப்புமிக்க உறுப்பினராக இருந்தவர்.

பதில் – பழம்பலகை

இரண்டு பதில்களையும் கவனமாகப் படித்தேன். சிங்கத்தையும் மானையும் அக்குவினாஸ் விளக்கிவிடுகிறார் என்பதை ஏற்கிறேன். நாசாவ் மாளிகையில் நின்றவர்களில் சிலர் அந்த வாதத்தை அறிந்திருப்பார்கள் என்பதும் பொருத்தமானதே. ஆனால் அந்த விளக்கம் பலகையின் மேற்பகுதிக்கு மட்டுமே போதுமானது. முன்பக்கக் குட்டையை அது தொடவில்லை. தவளையை விழுங்கும் பறவை இயற்கை. மூன்று தலைப் பிராணி இயற்கை அல்ல. எகிப்துக்குப் போன எந்தப் பயணியும் புத்தகம் வாசிக்கும் மீனைச் சித்திரமாகக் கொண்டுவரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. போஷ் மற்ற பிளெமிஷ் ஓவியர்களைப் போல எண்ணெய் வண்ணத்தைப் பல படலங்களாக ஏற்றி மெருகூட்டுபவர் அல்லர். மெல்லிய வண்ணத்தை விரைவாகப் பூசுபவர். கீழே உள்ள கோட்டோவியமே சில இடங்களில் கண்ணுக்குத் தெரியும். இப்படி வேலை செய்பவர், இடத்தை நிரப்புவதற்காக எதையும் சேர்க்கவில்லை என்று நான் நம்புகிறேன். இயல்பான பசியுள்ள விலங்குகளைப் பின்னால் தொலைவில் வைத்து, இயல்புக்கு மாறான உயிர்களை நமக்கு மிக அருகே, ஆதாமின் காலடிக்குக் கீழே வைத்திருக்கிறார். அந்த இரண்டுக்கும் நடுவில் நடந்து போவது எலியைக் கவ்விய பூனை. கலை வரலாற்றாளர் ஹான்ஸ் பெல்டிங் சொன்னதைப் போல நடுப்பலகையை வீழ்ச்சியே நடக்காத ஓர் உலகமாகக் கொண்டாலும், மற்றொரு கலை வரலாற்றாளர் கோம்பிரிச் 1969-இல் வாதிட்டதைப் போல நோவாவின் காலத்து உலகமாகக் கொண்டாலும், இந்தக் குட்டைக்கு விடை சொல்லியாக வேண்டும்.

ஆண்டவரின் அமைதியான முகத்தைப் பற்றி மறைநூல் மாணவர் எழுப்பிய வினாவுக்கு என்னிடம் முழுமையான மறுப்பு இல்லை. ஆனால் அந்த முகம் ஆதாமையோ ஏவாளையோ பார்க்கவில்லை, பலகைக்கு வெளியே நம்மைப் பார்க்கிறது. ஆசி அவர்களுக்கு என்றால் பார்வை ஏன் நம்மீது? பெரிய படத்தில் அந்த முகத்தையும் அதற்கு நேர் மேலே இருக்கும் ஆந்தையின் துளையையும் ஒருசேர உருப்பெருக்கிப் பாருங்கள். ஏறக்குறைய ஒரே செங்குத்துக் கோட்டில் இருந்துகொண்டு இரண்டுமே வெளியே நோக்குகின்றன. அதைப் பார்த்த பிறகு மறைநூல் மாணவர் என்ன சொல்கிறார் என்று அறிய விரும்புகிறேன்.